உயிரோடு இருந்தவனுக்கு ஓர் அஞ்சலிக் கவிதை

யேசுதாசுக்குக் கவிஞர்களைக் கண்டாலே ஆகாது. ‘உப்புக்காத்து’ என்ற சிற்றிதழை நடத்துகிறவனுக்கு இது பெரிய இடைஞ்சல்தான். ஆனால் ராயபுரத்தில் பிறந்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டே அதை வருஷக்கணக்காக இழுத்து வந்த தனக்கு அந்த உரிமை உண்டு என்று அவன் நினைத்தான்.

ஊரடங்கில் ஊர் அடங்கியது, துறைமுகம் அடங்கவில்லை. அவனும் அவன் தோஸ்து நெல்சனும் ஒரே பைக்கில் வேலைக்குப் போனார்கள். பைக்கில் இரண்டு பேர் போகக் கூடாது என்பதால், போலீஸ் நிற்கும் முனையில் மட்டும் நெல்சன் இறங்கி, யாரோ போல நடந்து வருவான். அப்போதுதான் யேசுதாஸ் கொள்ளைநோய்ச் சிறப்பிதழ் ஒன்றை அறிவித்தான்.

கவிதைகள் வந்து குவிந்தன. பால்கனி, பால்கனியில் குருவி, குருவியைப் பார்த்து உருகும் கவிஞர். வானம் இத்தனை நீலமா என்று ஆளாளுக்கு வியந்திருந்தார்கள். ஒருவர் கிருமியை ஆசான் என்று கும்பிட்டிருந்தார். நடந்தே ஊர் திரும்பிய வடநாட்டுத் தொழிலாளிகளின் பாதவெடிப்பு இன்னொருவருக்குத் தாமரையாகத் தெரிந்திருந்தது. மதியச் சாப்பாட்டின்போது யேசுதாஸ் அதை உரக்கப் படித்தான்.

“காலு வெடிச்சா தாமரையா?” என்றான் நெல்சன். “எங்கம்மா காலாண்ட வந்து பாக்கச் சொல்லு நைனா, கொளமே கீது.”

எல்லாருக்கும் மேலே சுடலைராஜ். திருவான்மியூரில் கடல் பார்த்த ஃபிளாட், வீடு நிறைய விருதுகள். தனிமையைப் பற்றி ஒரு கட்டுக் கவிதையும், முகக்கவசத்தோடு மோவாயில் கை வைத்து எடுத்த படமும் அனுப்பியிருந்தார். படம் அட்டைக்காம்.

இதழ் அச்சுக்குப் போவதற்குள் யேசுதாசுக்கும் நெல்சனுக்கும் காய்ச்சல் கண்டது. ஆம்புலன்ஸ் வந்தபோது தெருவே ஜன்னல் வழியாகப் படம் பிடித்தது. யேசுதாசின் மனைவி ரூத் உள்ளே இருக்க, மாநகராட்சி ஆட்கள் வாசலை மறித்துத் தகரம் அடித்தார்கள். நேற்றுவரை சர்க்கரை கடன் கேட்டு வந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

“நாங்க இன்னா கொலையா பண்ட்டோம்?” என்று தகரத்துக்கு மேலே எக்கிக் கத்தினாள் ரூத்.

ஆஸ்பத்திரியில் நெல்சன் செத்துப்போனான். பக்கத்துக் கட்டிலில் இருந்த யேசுதாஸ், அவனைப் பிளாஸ்டிக்கில் சுற்றி எடுத்துப் போவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தான்.

ராயபுரத்துத் துறைமுகத் தொழிலாளி ஒருவர் போய்விட்டார் என்ற சேதி எப்படியோ திருவான்மியூர் வரை போனது. சுடலைராஜ் யாரிடமும் விசாரிக்கவில்லை. ‘கடலின் மௌனத்தைக் கிரேனில் தூக்கியவனே’ என்று தொடங்கி ஃபேஸ்புக்கில் யேசுதாசுக்கு அஞ்சலி எழுதிவிட்டார். அதைப் பார்த்த யாரோ ரூத்துக்குப் போன் போட்டுத் துக்கம் கேட்டார்கள். ஒரு நர்ஸ் தன் போனை யேசுதாசின் காதில் வைத்து அவனைப் பேசவைக்கும்வரை, ரூத் தகரத்தின் பின்னால் விதவையாக உட்கார்ந்திருந்தாள்.

வீடு திரும்பியதும் அவன் தன் அஞ்சலியைப் படித்தான். உடனே போன் போட்டான்.

“சார், யேசுதாஸ் பேசறேன்.”

“யேசு! இருக்கீங்களா?” குரலில் மகிழ்ச்சி இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது.

“கீறேன் சார். செத்தது என் தோஸ்து நெல்சன்.”

“அடடா. அந்தக் கவிதை ரொம்ப நல்லா வந்திருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. பேரை மட்டும் மாத்திடலாம். அவரும் கிரேன்தானே?”

“இல்ல சார். கீழ நின்னு கொக்கி மாட்றவன்.”

“பரவாயில்ல, கவிதையில அதெல்லாம் யார் பார்க்கப்போறாங்க?”

“யோவ்,” என்றான் யேசுதாஸ். அத்தனை வருஷ சார் அந்த நிமிஷம் காணாமல் போனது. “என் பொண்டாட்டிக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டியா நீ? செத்தவன் பேரு உனுக்கு சட்டையா, மாத்தி மாத்திப் போட?”

போனை வைத்துவிட்டு, வந்திருந்த கவிதைகளை மொத்தமாகக் கட்டிப் பரணில் எறிந்தான்.

“அவங்கள கலீஜா பேசறியே, நீ இன்னா எழுதிக் கீய்ச்ச?” என்றாள் ரூத்.

சுடலைராஜ் மேலிருந்த எரிச்சலில் பாதி யேசுதாசின் மேலேயே திரும்பியது. அன்றே உட்கார்ந்து நெல்சனைப் பற்றி எழுத ஆரம்பித்தான். போலீஸ் முனையில் அவன் நடந்த நடையை எழுதினான். முகம் தெரியாத நாலு பேர் அவனை மூலக்கொத்தளம் இடுகாட்டில் புதைத்ததை எழுதினான். தகரத்தைப் பற்றி ரூத் தன் பேச்சிலேயே எழுதித் தந்தாள். அவன் ஒரு சொல்லையும் திருத்தவில்லை.

அந்த இரண்டை மட்டும் வைத்து ஒல்லியாக வெளிவந்தது சிறப்பிதழ். ‘தோழர் நெல்சனுக்கு’ என்ற தலைப்பில் சுடலைராஜின் கவிதை வேறொரு பத்திரிகையில், கிரேன் மாறாமல், வந்தது. அதே பத்திரிகையில் அவர் ‘உப்புக்காத்து’ இதழில் கலையமைதி இல்லை என்றும் எழுதியிருந்தார்.

அடுத்த இதழுக்குக் கவிஞர்கள் யாரும் எதுவும் அனுப்பவில்லை. யேசுதாஸ் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ரூத்தான், எழுத இன்னும் நிறைய இருக்கிறது, தனக்குக் கொடுத்த பக்கம் போதாது என்று சண்டைக்கு நின்றாள்.