கஜானியின் மூன்று மருமக்கள்

களுவாஞ்சிக்குடியில், மருந்துக்கடைக்கும் சலூனுக்கும் நடுவில் நெருங்கி நிற்கிறது கஜானியின் கொமினிகேஷன். போட்டோக் கொப்பி, கடவுச்சீட்டுப் படிவம், பரீட்சைப் பெறுபேறு என்று சனத்துக்கு இன்ரநெற்றில் ஆகவேண்டியதெல்லாம் அங்கே ஆகும். கஜானிக்கு முப்பத்தாறு வயது. வாய் கொஞ்சம் நீளம். ஆனால் வந்த காரியத்தை முடிக்காமல் ஒருவரையும் படியிறங்க விட்டதில்லை.

அவளுடைய கணினியில் மூன்று பிரவுசர்கள். அவற்றை அவள் மருமக்கள் என்பாள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பது. ஒரே வளவில் மூன்று மருமக்கள் என்றால் வேறு சொல்லவேண்டுமா? மூத்தவர் எந்தப் பழைய தளத்தையும் திறப்பார். போட்டோ ஏற்றச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நடுவிலார் போட்டோ ஏற்றுவார். பணம் கட்டும் பக்கம் வந்ததும் படுத்துவிடுவார். சின்னவர் பணம் கட்டுவதில் கெட்டிக்காரர், மற்றதெல்லாம் பூச்சியம். ஒருவர் செய்ததை மற்றவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்.

முன்பெல்லாம் ஒருவரிடம் இருக்கிற பக்கத்தின் முகவரியை நகலெடுத்து மற்றவரிடம் ஒட்டுவாள். அவசரத்தில் ஒரு தரம், விவாகப் பதிவுக்கு வந்த மனிதருக்குக் கோழித்தீவன விலைப் பக்கத்தை விரித்துக் கொடுத்துவிட்டாள். அவரும் பாவம், பொறுமையாக அரைவாசி வாசித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் எக்ஸ்டென்ஷன் ஒன்றைத் தேடிப் பிடித்தாள். பிரவுசரின் மூலையில் ஒரு சின்னப் பொத்தான். அழுத்தினால், நிற்கிற பக்கம் அடுத்த பிரவுசரில் திறக்கும். கஜானிக்குக் கால் நிலத்தில் படவில்லை. போட்டோக் கொப்பிக்கு வந்தவர்களுக்குக்கூட அழுத்திக் காட்டினாள்.

அந்தப் பெருமைதான் ஒரு வியாழக்கிழமை அவளைக் கவிழ்க்கப் பார்த்தது.

வெல்லாவெளியில் வேளாண்மை செய்கிற நல்லரத்தினம், மகள் வதனியோடு ஒரு மணிக்கு வந்தார். வதனி தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கவேண்டும். அன்று பின்னேரம் மூன்று மணியோடு முடிவு. போன வருடம் ஒரு நாள் பிந்தி விட்டுப்போனது. அடுத்த வருடம் வயது கடந்துவிடும். பிறகேன் கடைசி நாள்வரை இருந்தார்கள்? நல்லரத்தினம் நாள் பார்த்திருந்தார்; நல்ல நாள் அன்றுதான் வாய்த்தது. போன வருடம் பார்க்காமல் விட்டதால்தான் எல்லாம் பிழையாய்ப் போனது என்பது அவருடைய மனத்தாங்கல். ஆனால் வியாழனில் ஒன்றரைக்கு ராகு காலம் பிறந்தால் மூன்று மணிவரை போகாது. அதனால் ஒன்றரைக்கு முன் துவங்கிவிடவேண்டும் என்றார்.

ஒன்று எட்டுக்குத் துவங்கினார்கள். வதனி சொல்லச் சொல்லக் கஜானி தட்டினாள். படிவம் நிறைந்து, போட்டோ ஏற்றும் இடமும் வந்தது. மூத்தவர் வழக்கம்போல முகத்தைத் திருப்பினார். கஜானி சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினாள்.

நடுவிலாரிடம் பக்கம் திறந்தது. மறுபடி உள்நுழையச் சொன்னது. நுழைந்தால், படிவம் வெறுமையாகக் கிடந்தது. மூத்தவரிடம் ஓடிப்போனாள். இன்னோரிடத்தில் நுழைந்தாயிற்று என்று அவரும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருந்தார். பொத்தான் பக்கத்தின் முகவரியை மட்டுந்தான் கொண்டுபோகும், எழுதினதைக் கொண்டுபோகாது. அடியில் 'சேமி' என்று ஓரிடம் இருந்தது. பெருமையில் அதைத் தொட மறந்திருந்தாள். நேரம் ஒன்று முப்பத்தைந்து.

பிழை தன்னுடையது என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டு, திரும்பத் தட்டக் கை வைத்தாள். நல்லரத்தினம் உள்ளங்கையால் கீபோர்ட்டை மூடினார்.

"இப்ப துவங்கப்படாது புள்ள. ராகுவுக்க துவங்கின காரியம் விளங்காது."

மூன்று மணிக்குத் தளம் பூட்டுப்படும் என்றாள் கஜானி. அது அவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் நெற்றி வேர்த்தது. வதனி பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். ராகு காலமாவது ஒன்றாவது என்று சொல்லக் கஜானிக்கு வாயில்லை. நல்ல நேரம் பார்த்துக் கடை திறந்தவள் அவள்.

"மாமா, இஞ்ச எப்பிடி வந்த நீங்க?"

மண்டூர்த் துறையில் பாதையில் ஏறி வாவியைக் கடந்து, குருமண்வெளியில் இறங்கி ஆட்டோ பிடித்ததாகச் சொன்னார். அந்த மிதவையை எங்கள் சனம் பாதை என்றுதான் சொல்லும்.

"பாதையால இறங்கி ஆட்டோவுல ஏறக்க, திரும்ப நேரம் பாத்த நீங்களா?"

"அதுக்கென்னத்துக்கு? பயணம் வீட்டாலதானே துவங்கின."

"இதுவும் அப்பிடித்தான் மாமா. பயணம் ஒண்டு எட்டுக்குத் துவங்கிட்டு. நான் வாகனத்த மாத்தக்க பையப் பாதையில விட்டிட்டு இறங்கிப்போட்டன். இப்ப பையத்தான் எடுக்கப்போறன்."

நல்லரத்தினம் யோசித்தார். கை அசையவில்லை. அப்போது வதனி தன் போனை நீட்டினாள். முதல் தரம் உள்நுழைந்தபோது வந்த குறுஞ்செய்தி அதில் இருந்தது: ஒன்று எட்டு. அவர் இரண்டு தரம் வாசித்தார். பிறகு கையை எடுத்தார்.

"அப்ப எழுது புள்ள."

அதற்குப் பிறகு கடையில் அதிகாரம் அவருடையதாயிற்று. ஒவ்வொரு பெட்டி நிறைந்ததும் "சேமிச்சாச்சா?" என்று கேட்டார். போட்டோ ஏறியது. பணம் கட்டும் பக்கத்தில் நடுவிலார் படுத்தார். சின்னவரிடம் மாற்றப்போன கஜானியின் விரலை நல்லரத்தினத்தின் குரல் மறித்தது.

"பை எடுத்தாச்சா?"

எடுத்திருந்தாள். இரண்டு ஐம்பத்திரண்டுக்கு விண்ணப்ப இலக்கம் வந்தது. மூன்று பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். 'பை எடுத்தாச்சா?' என்று அன்றே ஒரு துண்டில் எழுதிக் கணினியில் ஒட்டினாள் கஜானி.

இரண்டு மாதம் கழித்து, பயிற்சிக்குத் தெரிவான கடிதத்தோடு அப்பாவும் மகளும் வந்தார்கள். நல்லரத்தினத்தின் கையில் ஒரு சட்டி எருமைத் தயிர். சட்டியைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமே என்று கஜானி உள்ளேயிருந்து பாத்திரம் எடுத்துவந்து தயிரைக் கவிழ்க்கப் போனாள். அவர் அவசரமாக மறித்தார்.

"அதுக்குள்ளயே இரிக்கட்டும் புள்ள. நீ மாத்தினா ஒண்டும் மிஞ்சாது."

முதலில் சிரித்தவள் வதனி.