பதினோராவது கேள்வி

குமாஸ்தா அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல இப்போது இந்த ஊரில் ஆள் கிடைக்காது. அதனால் நான் சொல்கிறேன். இருபத்திரண்டு வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்து அவரோடு தினம் சண்டை போட்ட டைப்பிஸ்ட் நான். எனக்கில்லாத உரிமையா?

வலது கட்டை விரலில் ரப்பர் உறை. கண்ணாடியின் ஒரு காது உடைந்து நூல் சுற்றியிருக்கும். கேஸ் கட்டை நான் கட்டினால் முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்துத் திரும்பக் கட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவர் ஒருநாள் வராவிட்டால் ஆபீஸ் படுத்துவிடும். காரணம், எங்கள் வக்கீல் சாரின் கையெழுத்து. கோழி கிளறிய குப்பை தோற்றுவிடும். அண்ணன் ஒருவர்தான் அதை வாசிப்பார்; நான் டைப் அடிப்பேன். சில நாள் சாரே வந்து, “இது என்னங்க எழுதியிருக்கேன்?” என்று அண்ணனிடம் கேட்டுவிட்டுப் போவார்.

ஊரையே உலுக்கிய அந்தக் கொலை வழக்கு இந்த ஆபீசுக்குத்தான் வந்தது. இறந்தது பிரசவம் பார்க்கும் டாக்டரம்மா. ஊரில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள். பிடிபட்டது அவருடைய ஆஸ்பத்திரி டிரைவர். அவனுக்காக வாதாட ஒரு வக்கீலும் முன்வரவில்லை. கோர்ட்டு கேட்டுக்கொண்டதால் சார் எடுத்துக்கொண்டார்.

ஐந்து மாதம் தாக்குப்பிடித்தார். வெளியே எவன் திட்டினாலும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டில்தான் முடியவில்லை. “அந்தம்மா இல்லன்னா நானும் இல்ல, உங்க பொண்ணும் இல்ல. அத மறந்துட்டீங்களா?” என்று அவர் மனைவி ஒருநாள் ஆபீசுக்கே வந்து அழுதார். அந்தத் திங்கட்கிழமை சார் வழக்கிலிருந்து விலகிக்கொண்டார்.

அந்த வியாழக்கிழமையே ஆஸ்பத்திரி வாட்ச்மேனைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். டிரைவர் பின்வாசல் வழியாக ஓடியதைப் பார்த்தேன் என்று சொன்ன ஒரே சாட்சி அவர்தான். ஏற்கெனவே இரண்டு முறை வந்து காத்திருந்து போனவர் என்பதால் இனி வாய்தா கிடையாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். டிரைவருக்கு ஒரு சின்னப் பெண்ணைப் புது வக்கீலாகப் போட்டார்கள். மூன்று வருஷ அனுபவம், மூன்றே நாள் அவகாசம்.

வழக்கம்போல அண்ணன் கேஸ் கட்டை ஒழுங்காகக் கட்டி அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். மறுநாள் காலையில் அந்தப் பெண் போன் செய்தாள். “சாட்சிய கேக்க வேண்டியதெல்லாம் சார் பதினாலு பக்கம் எழுதி வெச்சிருக்கார். ஒரு வரி கூட எனக்குப் புரியல. டிரைவரோட மனைவி எதிர்லயே உக்காந்து என் மூஞ்சியப் பாத்துட்டு இருக்காங்க.”

அண்ணன் போனை வைத்தார். அவர் மகளின் இரண்டு பிரசவமும் டாக்டரம்மா பார்த்ததுதான்.

“போகப் போறீங்களா? உங்களுக்கு எப்படி மனசு வருது?” என்று கேட்டேன். சார் அவனை நட்டாற்றில் விட்டுவிட்டார் என்று முந்தின நாள் குதித்தவளும் நான்தான். எனக்கே என்ன வேண்டுமென்று எனக்குத் தெரியவில்லை.

“அந்தம்மாவ கொன்னது யாருன்னு எனக்குத் தெரியணும்மா. கேக்கறத கேக்காம எப்படித் தெரியும்?” என்றார்.

உள்ளே போய் அரைநாள் லீவு கேட்டார். “கண்ணு காட்டணும் சார்.”

சார் அவரையே பார்த்தார். “நாளைக்கும் சேத்து எடுத்துக்கோங்க. கண்ணு விஷயம்.”

ஒளிந்து செய்யத் தெரியாத மனுஷன். கோர்ட்டு கேன்டீனில், ஊர் பார்க்க, அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்து வரிவரியாக வாசித்துக்காட்டினார். சாயங்காலத்துக்குள் செய்தி பரவிவிட்டது. டீக்கடைக்காரர் அவருக்கு டீ ஊற்றவில்லை. மகள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் ஆபீசுக்கு வந்தார்.

“கண்ணு எப்படி இருக்கு?” என்றார் சார்.

“எல்லாம் தெரியுது சார். பதினோராவது கேள்வி மட்டும்தான் தெரியல. எவ்வளவோ பாத்துட்டேன்.”

அந்த வழக்கைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சார் வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தார். எனக்குத் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். சார் எழுந்து ஜன்னல் பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

“டைப் அடிம்மா. லெட்டர்ஹெட் வேணாம், வெள்ளைத் தாள் போடு.”

நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நான் அடித்தேன். ‘நீங்கள் பார்த்தது அந்த ஆளின் முகத்தையா, நீலச் சட்டையையா? அந்த ஆஸ்பத்திரியில் நீலச் சட்டை போடும் டிரைவர்கள் எத்தனை பேர்?’

“கீழ உங்க பேரு சார்?” என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன்.

“வேணாம்மா.”

வியாழக்கிழமை அண்ணனோடு நானும் கோர்ட்டுக்குப் போனேன். பத்தாவது கேள்விவரை வாட்ச்மேன் பிசிறில்லாமல் பதில் சொன்னார். பதினோராவதைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். கெட்ட மனுஷன் இல்லை அவர். நீதிபதி இரண்டு முறை கேட்ட பிறகு சொன்னார்:

“சட்டையத்தான் பாத்தேன். அஞ்சு பேரு போடுவாங்க.”

டிரைவரின் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள்.

திரும்பி வந்து அண்ணன் விஷயத்தைச் சொன்னார். சார் நிமிரவில்லை. “அந்தப் பொண்ணு நல்லா கேட்டிருக்கா” என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவரோ நாற்காலியில் உட்கார்ந்து ரப்பர் உறையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “அப்படின்னா டாக்டரம்மாவ கொன்னவன் இன்னும் வெளியதான் நடமாடிட்டு இருக்கானோ என்னவோ. நாம எல்லாரும் சேந்து இவனத் திட்டிட்டு இருந்தோமே” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மறுபடி துடைத்தார்.

அவர் இல்லாத இரண்டு நாளும் கேஸ் கட்டுகளை நான்தான் கட்டி வைத்திருந்தேன். வரிசையாக அவர் மேஜையில் இருந்தன. அன்றைக்கு அவர் ஒன்றைக்கூட அவிழ்க்கவில்லை.