சிலையம்மாவின் மகள்

எங்கள் அடுக்குமாடியில் சிலையம்மா வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை நீட்டும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தபால்காரரே முழிப்பார். ஓவியக் கல்லூரியில் மாடலாக உட்காருவது அவர் வேலை. மாணவர்கள் வரைந்து முடிக்கும்வரை அசையக் கூடாது. மூக்கில் ஈ உட்கார்ந்தால் ஈக்குத்தான் மரியாதை.

"சும்மா உக்கார்றதுக்குச் சம்பளமா? எங்க ஆபீஸ்லயும் அதைத்தான் பண்றோம், ஆனா வெளிய சொல்லிக்கறதில்ல" என்பார் என் அப்பா, மூக்கால் பேசிக்கொண்டு.

"ஒரு நாள் வந்து உக்காந்து பாருங்கண்ணா. மறுநாள் உங்களை நாலு பேர் மடக்கித்தான் கட்டில்ல போடணும்" என்பார் சிலையம்மா.

முதலில் அவர் அங்கே கூட்டிப் பெருக்கத்தான் போனார். கைக்குழந்தையோடு அவரை விட்டுவிட்டு "இதோ வந்துடறேன்" என்று கிளம்பிய கணவர் இன்னும் வந்துகொண்டே இருக்கிறார். ஒருநாள் கல்லூரியின் பின்வாசல் படியில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது சிற்ப ஆசிரியர் பார்த்துவிட்டார். தொண்டையில் மாவு ஒட்டியது மாதிரி பேசுகிற மனிதர்.

"அசையாதீங்கம்மா! அப்படியே! இதைத்தான் இத்தனை நாளா தேடிட்டு இருந்தேன்!"

அவர் தேடியது, தாயும் சேயுமாக ஒரு சிலை. தாய் அசையவில்லை. சேய்தான் உதைத்தது, நெளிந்தது, எட்டிப் பிடித்து ஒரு பிடி களிமண்ணை வாயில் போட்டுக்கொண்டது. மறுநாளே ஆசிரியர் சொல்லிவிட்டார்: "குழந்தை வேணாம்மா, வேலை கெடுது. நான் வேற ஏற்பாடு பண்றேன்."

ஏற்பாடு என்பது ஒரு துணிப்பை. அதில் மணலை நிரப்பி, துண்டில் சுற்றி, சிலையம்மா கையில் கொடுத்தார். "இப்போ பாசமா பாருங்க."

அவரும் பாசமாகத்தான் பார்த்தார். குழந்தை எங்கள் வீட்டில், என் அம்மா மடியில் இருந்தது. நான் அப்போது பிறக்கவே இல்லை. இதெல்லாம் அம்மா சொல்லிக் கேட்டது. தெருவில் ஏதாவது குழந்தை அழுதால் சிலையம்மாவுக்குப் பால் சுரந்து மேல்துணி நனைந்துவிடுமாம். ஆசிரியர் அந்த ஈரத்தைப் பார்த்துவிட்டு, "பிரமாதம்! மடிப்பு இப்பத்தான் சரியா விழுது" என்றாராம்.

சிலை இழுத்துக்கொண்டே போனது. முகம் பிடிக்கவில்லை என்று கலைத்தார், கை பிடிக்கவில்லை என்று கலைத்தார். சாயங்காலம் குழந்தையை வாங்க வரும்போதெல்லாம் என் அம்மா கேட்பாராம்: "இங்க இவ தவழ்ந்து, எழுந்து நின்னு, கதவைப் பிடிச்சுட்டு நடக்கவே ஆரம்பிச்சுட்டா. உன் மணலு எப்பதாண்டி நடக்கப் போகுது?"

குழந்தைக்குப் பேச்சு வந்தது. என் அம்மாவை "அம்மா" என்றது. பெற்றவளை, எல்லோரும் கூப்பிடுகிறபடியே, "தியம்மா" என்றது. வீடே விழுந்து விழுந்து சிரித்தது. சிலையம்மாவும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, எங்கள் வீட்டுப் பாத்திரங்களை யாரும் கேட்காமலே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

வளர்ந்தால் மாறிவிடும் என்றார்கள். மாறியது ஒன்றுதான்: தியம்மா, திருத்தமாகச் சிலையம்மா ஆனது. அந்தக் குழந்தைதான் எனக்கு அக்கா. எனக்குத் தலை வாரியது, சண்டை போட்டது, என் அம்மாவிடம் என்னைப் பற்றிக் கோள் சொல்லி அடி வாங்க வைத்தது எல்லாம் அவள்தான். படிப்புச் செலவு சிலையம்மாவுடையது. அதற்காக அவர் நீதி தேவதையாக நின்றார், மீன்காரியாகக் குந்தினார், போருக்குப் போனவனின் மனைவியாக ஜன்னலைப் பார்த்தார். விறைத்த முதுகோடு வீட்டுக்கு வந்தால் ஓடிவருகிற பிள்ளையைக் குனிந்து தூக்க முடியாது. பிள்ளையும் கொஞ்ச நாளில் ஓடிவருவதை நிறுத்திக்கொண்டது. இப்போது அக்காவுக்கு மருந்துக்கடையில் வேலை, வேறொரு பேட்டையில் தனி அறை. விடுமுறையில் வருவாள், எங்கள் வீட்டில் சாப்பிடுவாள். கிளம்பும்போது அடுத்த வீட்டில் சிலையம்மாவின் கதவைத் தட்டி, "உடம்பு பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

இந்த வருடம் ஊரில் புதிதாகக் கலை மையம் திறந்தார்கள். கல்லூரித் தாழ்வாரத்தில் தூசி தின்றுகொண்டிருந்த தாய்ச் சிலையைக் கழுவி வாசலில் நிறுத்தினார்கள். தாய்மைக் கொண்டாட்டமாம். சுவரெல்லாம் தாய்மார் ஓவியம், அரங்கத்தில் தாய்மார் பாட்டு. மையத்தின் செயலாளரம்மா எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். எதையும் மூச்சை உள்ளே இழுத்துத்தான் சொல்வார்.

"நீங்கதானா! அந்தத் தாய்! எங்களுக்கு அந்தக் குழந்தையும் வேணும். ரெண்டு பேரையும் மேடையில ஒண்ணா பார்க்கணும். எவ்வளவு உணர்வுபூர்வமா இருக்கும்!"

குழந்தை மணல் என்று சிலையம்மா சொல்லவில்லை. "வருவா மேடம்" என்றார்.

செயலாளரம்மா இறங்கிப் போனதும் சிலையம்மா நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். "நீ ஒரு வார்த்தை சொல்லேன். நீ சொன்னா கேப்பா."

"உன் பொண்ணுகிட்ட நீ கேக்க மாட்டியா?" என்றார் என் அம்மா.

"நான் கேட்டா யோசிக்கறேன்னு சொல்லுவா. அத்தனை பேர் முன்னாடி ஒரே ஒரு தடவை அம்மான்னு கூப்பிடட்டும். அது போதும் எனக்கு. அப்புறம் அவ இஷ்டம்."

அக்கா அந்த வாரம் வந்தபோது அம்மா பேச்சை எடுத்தார்.

"அது நான் இல்லையேம்மா. மண்ணுதானே?" என்றாள் அக்கா, சாப்பாட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"யாருக்குடி தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"பெத்தவடி அவ."

"இல்லன்னு எப்பம்மா சொன்னேன்? மாசாமாசம் மருந்து வாங்கித் தரலையா? உடம்பு சரியில்லன்னா வந்து பாக்கலையா?" கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "சரி, வரேன். என்ன பண்ணணும்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க."

சிலையம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மணிக்கணக்கில் கல்லாகச் சமைந்திருக்கத் தெரிந்தவர், அன்று அரங்கத்தின் முன்வரிசையில் ஒரு நிமிடம் சும்மா உட்காரவில்லை. கதவைப் பார்ப்பதும் துணியை இழுத்துவிடுவதுமாக இருந்தார்.

"வந்துட்டாளா பாரேன்?" என்று என்னைக் குடைந்தார்.

"வந்தா உங்க பக்கத்துலதான் வந்து உக்காருவா. கழுத்து சுளுக்கிக்கப் போகுது" என்றேன்.

அக்கா சொன்ன நேரத்துக்கு, நல்ல உடுப்பில், தலை படிய வாரி வந்தாள். இருவரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். செயலாளரம்மா ஒலிபெருக்கியில் மூச்சை இழுத்தார். அக்கா நிதானமாகப் பேசினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். எங்க அம்மா ரொம்பக் கஷ்டப்பட்டு என்னை வளர்த்தாங்க. அவங்க இல்லன்னா நான் இல்ல. நன்றி அம்மா."

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. படம் எடுப்பவர், "தோள்ல சாஞ்சுக்கோங்க, இன்னும் கொஞ்சம்" என்றார். அக்கா சிரித்தபடி சிலையம்மாவின் தோளில் தலையைச் சாய்த்தாள். என் பக்கத்தில் என் அம்மா மூக்கை உறிஞ்சினார். "சொல்லிட்டாடி! வாய் நிறைய சொல்லிட்டா!"

மேடைக்குப் பின்னால் நாங்கள் போனபோது அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"சரியா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"நல்லா நின்ன" என்றார் சிலையம்மா.

செயலாளரம்மா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "என் கண்ணே கலங்கிடுச்சு! அடுத்த வருஷம் இதையே சிலையா செஞ்சுடலாம். வயசான தாய், வளர்ந்த மகள். ரெண்டு பேரும் வந்து உக்காரணும்."

"எனக்கு லீவு கிடைக்காது மேடம். வேற யாரையாவது உக்கார வைங்க" என்றாள் அக்கா. என் அம்மாவிடம், "ஞாயித்துக்கிழமை வரேன்மா" என்றாள். பிறகு திரும்பி, "சிலையம்மா, பார்த்து பஸ் ஏறுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

செயலாளரம்மாவின் மூச்சு பாதியில் நின்றது. "என்ன சொல்லிக் கூப்பிட்டாங்க?"

"செல்லமா அப்படித்தான் கூப்பிடுவா" என்றார் சிலையம்மா.

பேருந்தில் என் அம்மா வாய் ஓயவில்லை. "எத்தனை பேர் முன்னாடி சொன்னா! நான் சொன்னேன்ல, உள்ளுக்குள்ள பாசம் இருக்குன்னு. எப்படிச் சாஞ்சுக்கிட்டா பார்த்தியா?"

சிலையம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோள்ல பாரமே இறங்கல. கழுத்தை அவளே தாங்கிட்டு நின்னா. அந்த வேலை எனக்குத் தெரியாதா?"

அம்மாவுக்குப் புரியவில்லை. "கண்ட நேரத்துல சாப்பிடறா, அப்புறம் உடம்புல என்ன பாரம் இருக்கும்? இளைச்சுல்ல போயிட்டா."

"ஆமா" என்றார் சிலையம்மா. "இளைச்சுத்தான் போயிட்டா."