வேல்ஸ் கோட்டைகளுக்குக் கூட்டிப்போன சின்னையா அண்ணன்

சின்னையா அண்ணன் காலமான செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. காலைச் சாப்பாட்டுக்கு மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும் வழியில் போன் அடித்தது. பேசியது அவருடைய தங்கை சரஸ்வதி அக்கா. அழுகை நடுவேதான் சொன்னார். ஆனாலும் என் வாயிலிருந்து முதலில் வந்தது, "யாரு சொன்னா?" என்ற கேள்விதான்.

"யாரு சொல்லணும்? என் கண்ணு முன்னாடிதாண்டி மூச்சு நின்னுச்சு" என்றார் அக்கா.

அதற்குப் பிறகும் இன்சீனில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேருக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டுத்தான் உட்கார்ந்து அழுதேன். சந்தேகம் என் கூடப் பிறந்தது. இந்தப் பர்மாவில் கடந்த சில வருடங்களாக அது நன்றாகக் கொழுத்தும் போயிருக்கிறது. அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொல்லி நம் சங்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன். ஆனால் அவரை நான் எப்படியெல்லாம் சந்தேகப்பட்டேன் என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

போட்டாதாங்கில் மாடிப்படி ஏறிப்போகும் சின்ன டிராவல்ஸ் ஆபீஸில் இருபது வருடம் நாங்கள் எதிரெதிர் மேஜை. டிக்கெட்டும் கடிதங்களும் என் வேலை. ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக்காட்டுவது அவர் வேலை. ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்களைப் பகான் பகோடாக்களைப் பார்க்கக் கூட்டிப்போனவர், அவர்கள் வருவது நின்ற பிறகு நம் ஆட்களை வெளியூர் கூட்டிப்போக ஆரம்பித்தார். பகோடா வாசலில் அவர் ஆட்களை எண்ணியதே இல்லை. "ஆளு நடந்துகிட்டே இருக்கும் ராஜி, செருப்ப எண்ணு" என்பார். கழற்றிப்போட்ட செருப்புகளை விரலால் தொடாமல், கண்ணாலேயே எண்ணிவிட்டு ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு உட்காருவார். ஒருவரையும் தொலைத்ததில்லை.

வெளிநாட்டுப் பயணத்துக்கு யாராவது பெயர் கொடுக்க வந்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். "வீட்டுல செடி இருக்கா? யாரு தண்ணி ஊத்துவாங்க?" பதில் சொல்லத் தடுமாறுகிறவர்களுக்கு இடம் காலியில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார். போகிறவர்கள் திரும்பி வராமல் போனால் கூட்டிப்போனவரைத்தான் அதிகாரிகள் பிடித்துக் கேட்பார்கள். ஒவ்வொரு பயணத்துக்கும், இத்தனை பேரையும் திரும்பக் கூட்டி வருவேன் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார். "திரும்பி வராதவன் செடியப் பத்தி யோசிக்க மாட்டான்" என்று என்னிடம் பலமுறை விளக்கியிருக்கிறார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வேல்ஸ் பயணம் கிளம்பியது. எட்டுப் பேர், பத்து நாள், கோட்டைகள், பழைய மாளிகைகள், தோட்டங்கள். எல்லோரும் நம் ஆட்கள்தான். உதவிக்கு ஒரு பெண் வேண்டும் என்று எட்டாவது பெயராக என் பெயரைச் சேர்த்தார். என் மகள் தேவி லிவர்பூலில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். அங்கிருந்து வடக்கு வேல்ஸ் ரயிலில் எட்டிவிடும் தூரம். "வந்தா அப்படியே இருந்துரும்மா. அங்க தனியா என்ன பண்ணப் போற?" என்று போனிலேயே நச்சரித்தாள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஐந்து வருடமாகிவிட்டது. இருந்துவிடுவது என்றுதான் நானும் முடிவு செய்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆனால் அண்ணன் என்னிடமும் கேட்டார். "உன் செடிக்கு யாரு தண்ணி ஊத்துறா?"

"மேல் வீட்டு மா கின்கிட்ட சொல்லிட்டேன். தொட்டிக்கு ஒரு குவளைன்னு அளவுகூடச் சொல்லிட்டேன்" என்றேன். அவர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார். கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கண்டுபிடித்தும் ஏன் பெயரை அடிக்கவில்லை? அந்தக் கேள்வி என் கூடவே விமானம் ஏறியது.

முதலில் பார்த்தது கான்வி என்ற ஊரின் கோட்டை. ஊரைச் சுற்றியும் சுவர். அந்த நாட்டை ஜெயித்த இங்கிலாந்து ராஜா கட்டியதாம். அந்த மண்ணின் ஜனங்களுக்கு அப்போது சுவருக்குள் குடியிருக்க அனுமதி கிடையாது என்று அங்குள்ள வழிகாட்டி அம்மாள் சொன்னார். அண்ணன் அதைத் தமிழில் எங்களுக்குச் சொல்லிவிட்டு, சுவரைத் தட்டிப் பார்த்தார். "இவ்வளவு தடிமனாக் கட்டியிருக்கான்னா, ராஜா ஒருநாளாவது நல்லாத் தூங்கியிருப்பானா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் என்னைப் பார்த்துச் சொன்னதாக எனக்குப் பட்டது.

எங்கள் பாஸ்போர்ட்டுகள் எல்லாம் அவர் சட்டைக்கு அடியில், இடுப்பில் கட்டிய பையில் இருந்தன. அது எப்போதும் உள்ள வழக்கம்தான், எனக்காக வந்ததல்ல. ஆனால் கோபுரத்தின் வளைந்த படிகளில் ஏறும்போது அவர் எனக்குப் பின்னாலேயே வந்தார். வண்டியில் எனக்கு அடுத்த இருக்கையில் உட்கார்ந்தார். சாப்பிடும்போது, "தேவி இங்க பக்கத்துலதான இருக்கு? எந்த ஊரு?" என்று உப்பு கேட்பது போலக் கேட்டார். ஊர் பெயரை மாற்றிச் சொன்னேன். காட்டிக்கொடுக்கப் போகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். அவர் போட்ட கையெழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்கு வேறு வழி ஏது?

நான்காம் நாள் ஒரு பழைய பிரபுவின் மாளிகை. வாசலில் வழுவழுப்பான மரத்தரையையும் கம்பளத்தையும் பார்த்ததும் எங்கள் கூட்டம் பழக்கதோஷத்தில் ஷூவையும் சாக்ஸையும் கழற்றி வரிசையாக வைத்துவிட்டது. ஜில்லென்ற தரையில் வெறுங்காலோடு நின்ற எங்களைப் பார்த்து அங்கே இருந்த வயதான அம்மாள் பதறிப்போய், கழற்றத் தேவையில்லை என்று மூன்று முறை சொன்னார். யாரும் திரும்பப் போடவில்லை. பெரிய வீட்டுக்குள் ஷூவோடு நடக்க எங்கள் கால்களுக்குக் கூச்சம். அண்ணனுக்கு மட்டும் பரம சந்தோஷம். எண்ணினார். அவருடையதைத் தவிர ஏழு ஜோடிதான் இருந்தது.

"ராஜி, ஒன்னோடது எங்க?"

பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் வைத்திருந்தேன். வாசலில் விட்டால் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பகோடாவிலும் அப்படித்தான் செய்வேன். "கையில வெச்சிருக்கவங்களத்தான் நான் கவனிக்கணும்" என்று சிரித்தார். நான் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அன்று அந்த மாளிகையில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஒன்பதாம் நாள் தோட்டம். மறுநாள் விமானம். காலையிலேயே, "தேவிய வரச் சொல்லு, பாத்துட்டுப் போகட்டும்" என்றார். ஊரை மாற்றிச் சொல்லியும் பயனில்லை. அவளை நேரில் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ளப் போகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனாலும் மகளைப் பார்க்காமல் எப்படி இருப்பது? வரச் சொன்னேன். தோட்டத்து டீக்கடையில் யாரோ போல வேறு மேஜையில் உட்காரச் சொன்னேன். நான்கு வருடம் கழித்துப் பார்க்கும் பிள்ளை அது. சொன்னபடியே இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அண்ணன் உள்ளே வந்தார், ஒரு முறை சுற்றிப் பார்த்தார், கடைக்காரப் பெண்ணிடம் இங்கிலீஷில், "அந்தப் பிள்ளைக்கு ஒரு டீயும் கேக்கும் குடும்மா" என்றார். பிறகு என்னிடம், "மூக்கு அப்படியே ஒன்னோடது. மறைக்க முடியாது" என்றார்.

என்னை வெளியே கூட்டிப்போனார். மழை விட்டிருந்தது. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த பூச்செடி ஒன்றின் முன் நின்றார். சிவப்புப் பூ கொத்துக் கொத்தாக இருந்தது. கீழே தகட்டில் பர்மாவின் வட மலையிலிருந்து வந்த வகை என்று எழுதியிருந்தது.

"பாத்தியா, நம்ம ஊருலேர்ந்து வந்திருக்கு. இத யாரும் திரும்பிப் போகச் சொல்லல" என்றார். சட்டையைத் தூக்கி இடுப்புப் பையைத் திறந்து என் பாஸ்போர்ட்டை எடுத்துக் கையில் வைத்தார். "மூணு மணிக்கு வண்டி. இன்னிக்கு நான் எண்ண மாட்டேன்."

உங்களிடம் நான் எதை மறைக்க? அந்த நிமிடம் என் மனதில் நன்றி வரவில்லை. பொறி வைக்கிறார் என்று நினைத்தேன். எட்டுப் பேருக்கும் கையெழுத்துப் போட்டவர், இருபது வருடம் செருப்பை எண்ணியவர், கையில் பாஸ்போர்ட்டைக் கொடுத்து எண்ண மாட்டேன் என்கிறார் என்றால் யார் நம்புவார்கள்? நான் தோட்டத்து வாசலைத் தாண்டியதும் போன் போடுவார், மகள் முகமும் தெரிந்துவிட்டது, அவளுடைய வேலையும் போகும் என்று கணக்குப் போட்டேன். மூன்று மணி வண்டிக்கு முதல் ஆளாக நான்தான் ஏறினேன். தேவி வாசலில், கை அசைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள்.

அண்ணன் வண்டியில் ஏறி என்னைப் பார்த்தார். அவர் முகம் வாடிப்போனது. வலைவிரித்து மீன் சிக்காதவர் முகம் என்று நான் அதைப் படித்தேன். சொன்னபடி அவர் எண்ணவில்லை. வழி முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அதே மேஜைகள். நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் எப்போதாவது, "லண்டன் பக்கம் ஒரு குரூப் போட்டுப் பாப்போமா?" என்று கேட்பார். இன்னும் என்னைச் சோதித்துப் பார்க்கிறார் என்று, "எனக்கு எதுக்கு அண்ணே, முழங்கால் வலி" என்பேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு இன்சீன் போனேன். எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு சரஸ்வதி அக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை இழுத்து என் முன் வைத்தார். அவர் இடுப்பில் கட்டும் லொன்ஜி இரண்டு, ஒரு துண்டு, சோப்பு, பழைய மூக்குக்கண்ணாடி, ஒரு அட்டை ரத்த அழுத்த மாத்திரை.

"இத என்ன பண்றதுன்னு ஒன்னயத்தான் கேக்கணும். வேல்ஸ் போறதுக்கு முன்னாடி கட்டி வெச்சாரு. 'ராஜி இல்லாம நான் மட்டும் வந்து எறங்கினா, என்னயக் கூட்டிட்டுப் போயி விசாரிப்பாங்க. எத்தன நாள் வெச்சிருப்பாங்கன்னு தெரியாது. அப்ப இதக் கொண்டாந்து குடு'ன்னாரு. நீ திரும்பி வந்துட்ட. பையப் பிரிச்சுரவான்னு கேட்டேன். 'வேண்டாம், இன்னொரு தடவ போவா'ன்னு சொல்லிட்டாரு."

அதையும் நான் உடனே நம்பவில்லை. மாத்திரை அட்டையைத் திருப்பி, அது எப்போது தயாரானது என்று பார்த்தேன். இரண்டு வருடப் பழசு இல்லை, புத்தம் புதுசு. "போன மாசம்தான் மாத்தி வெச்சாரு, பழசு கெட்டுப்போகும்னு" என்றார் அக்கா.

மாத்திரையை அவரிடமே கொடுத்துவிட்டு, ஒரு லொன்ஜியை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். தேவியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அந்த டீய நான் குடிக்கவே இல்லம்மா" என்றாள். குடிக்கக் கூடாது என்று அவளுக்குக் கண்ணைக் காட்டியவள் நான்தான்.

அண்ணே, உங்களிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த லொன்ஜியும், உங்களைத் தப்பாகப் படித்தேன் என்ற உண்மையும். அன்று உங்களை நம்பியிருந்தால் இந்நேரம் நான் என் மகள் பக்கத்தில் இருப்பேன், உங்களை விசாரிக்கக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். நம்பாததால் உங்களை அனுப்பிவைக்க இங்கே இருந்தேன். சுடுகாட்டுக்கு வந்தவர்களில் நானும் ஒருத்தி. அதற்காகச் சந்தோஷப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.