ஆர்டீலியா டன்ஸ்டல் கட்சி மாறிய கதை

ஹாலோவே நகரத்தின் நாலாவது வட்டத்தில் தேர்தல் என்றாலே ஆர்டீலியா டன்ஸ்டல்தான். டென்னசி மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருந்தது அந்த ஊர். நாலாவது வட்டம் கறுப்பர்களின் குடியிருப்பு. அங்கே பெண்களுக்கு முடி திருத்தி அலங்காரம் செய்யும் கடை வைத்திருந்தாள் அவள். வெள்ளைக்காரர் யாரிடமும் கைநீட்டிச் சம்பளம் வாங்காததால், அவள் வாயை அடைக்க ஊரில் ஆள் கிடையாது.

அவள் குடியரசுக் கட்சியில் சேர்ந்தாள் என்று சொல்வதைவிட அதில் பிறந்தாள் என்று சொல்வது பொருந்தும். அப்பா கிடியன் ஆற்றுத் துறையில் பஞ்சுப் பொதி சுமந்தவர். அவருடைய இளவயதில் ஒரு தேர்தல் நாளன்று, ஓட்டுச்சாவடி வாசலிலேயே ஜனநாயகக் கட்சிக்காரர்கள் அவரை வளைத்துப் பிடித்துத் தடியால் அடித்து இடது முழங்காலை நொறுக்கிவிட்டார்கள். அடிமைத்தளையை அறுத்த லிங்கனின் கட்சிக்கு ஓட்டுப் போட வந்ததுதான் அவர் செய்த குற்றம். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை விந்தி விந்திதான் நடந்தார்.

பெண்களுக்கு ஓட்டுரிமை வந்த வருஷம் ஆர்டீலியாவுக்கு இருபத்தொரு வயது. அப்பாதான் சாவடிவரை கூட்டிப்போனார்.

"யாருக்குப் போடணும்னு நான் சொல்ல மாட்டேன்மா," என்றார் வாசலில் நின்றுகொண்டு. "என் காலை ஒரு தடவை பாத்துட்டு உள்ள போ."

அவள் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

அன்று தொடங்கிய வேலை. சில வருஷங்களிலேயே அவள் வட்டச் செயலாளர் ஆகிவிட்டாள். அந்தப் பதவிக்குக் கூலி எதுவும் கிடையாது, ஓய்வும் கிடையாது. ஓட்டுப் போடுவதற்கென்று ஒரு வரி கட்ட வேண்டியிருந்த காலம் அது. வீடு வீடாகப் போய் அதைக் கட்ட வேண்டிய கெடுவை நினைவுபடுத்துவாள். குளிர்காலத்தில் எந்த விதவை வீட்டில் நிலக்கரி தீர்ந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். யாரையாவது போலீஸ் பிடித்துக்கொண்டு போனால், அவன் அம்மா முதலில் ஓடிவருவது ஆர்டீலியாவின் கடைக்குத்தான்.

கவுண்டி என்று அங்கே சொல்லும் மாவட்டத்துக்குக் கட்சித் தலைவர் ஹோரஸ் விட்டேக்கர் ஒரு வெள்ளைக்காரர், இரும்புச் சாமான் கடைக்காரர். ஹாலோவே பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் எல்லாம் ஜனநாயகக் கட்சிதான் என்பதால், விட்டேக்கரின் கட்சி உயிரோடு இருந்ததே நாலாவது வட்டத்து ஓட்டால்தான். அவரும் அதை மறக்கவில்லை. அந்த ஊரில் கறுப்புப் பெண் எழுபது வயதுக் கிழவியானாலும் வெள்ளைக்காரன் வீட்டுச் சின்னப்பையன்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். விட்டேக்கர் மட்டும் தொப்பியைக் கழற்றி, "மிஸஸ் டன்ஸ்டல், நீங்க என்ன சொல்றீங்க?" என்பார்.

பொருளாதாரப் பெருமந்தம் வந்த முப்பதுகளில்தான் முதல் விரிசல் அவள் வீட்டுக்குள்ளேயே விழுந்தது. ஊரெல்லாம் வேலையில்லாமல் கிடந்தபோது, ஜனநாயகக் கட்சியின் மத்திய அரசாங்கம் சாலை போடும் வேலை கொடுத்தது. அவள் கணவன் லெமுவேல் அதில் சேர்ந்தான். அடுத்த தேர்தலன்று மாலை, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னான்.

"ஆர்டீ, நான் இந்தத் தடவை அவங்களுக்குப் போட்டுட்டேன்."

அவள் கையிலிருந்த கீரைச் சட்டியை அடுப்பிலேயே திரும்ப வைத்தாள். "எங்கப்பா காலை உடைச்சவனுங்களுக்கா?"

"இந்தக் கீரையும் சோள ரொட்டியும் யார் கொடுத்த வேலையில வந்துச்சு? உங்கப்பா காலு பெரிசுதான். நம்ம வயிறும் இருக்குல்ல?"

"அப்ப உன் புதுக் கட்சியையே பரிமாறச் சொல்லு," என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போய்விட்டாள். லெமுவேல் தானே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டான். ஒரு வாரம் பேச்சில்லை. பிறகு பேச்சு வந்தது. ஆனால் அவன் சாகும்வரை அந்த வீட்டில் தேர்தல் நாளன்று மட்டும் இரண்டு பேரும் தனித்தனியாகத்தான் சாவடிக்குப் போனார்கள்.

லெமுவேல் மட்டுமா போனான்? வட்டத்தில் பாதிப்பேர் போய்விட்டார்கள். அவர்களைத் திரட்டியவர் கொர்னீலியஸ் ப்ரூயிட். ஈமச்சடங்கு நடத்தும் நிறுவனம் வைத்திருந்தவர், நல்ல உயரம், எப்போதும் கறுப்புக் கோட்டு. ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் இரண்டு பேருக்கும் வாக்குவாதம் நடப்பது வாடிக்கை.

"என்ன ஆர்டீலியா, லிங்கன் செத்து எத்தனை வருஷமாச்சு? இன்னும் அவருக்கே ஓட்டுக் கேக்கறியே!"

"செத்தவங்களை வெச்சுப் பொழைக்கிற ஆளு நீ. அதை நீ சொல்லலாமா கொர்னீலியஸ்? உன் கட்சிக்காரன் தலைநகரத்துல சோறு போடறான், நம்ம ஊர்ல சவுக்கைத் தூக்கறான். ரெண்டும் ஒரே ஆளுதானே?"

ப்ரூயிட் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு தேவாலயத்துக்குள் போய்விடுவார். அந்தக் கட்சியின் உள்ளூர்க் கூட்டங்களில் அவருக்குச் சுவரோரம்தான் இடம். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஐம்பதுகளின் கடைசியில் காற்று திரும்பியது. கறுப்பர்களுக்குச் சம உரிமை என்ற பேச்சை ஜனநாயகக் கட்சியின் பெரிய தலைவர்கள் எடுக்க ஆரம்பித்ததும், ஹாலோவே வெள்ளைக்காரர்களுக்கு அது கசந்தது. ஒவ்வொருவராக விட்டேக்கரின் கட்சிக்கு வரத் தொடங்கினார்கள். காப்பீட்டு நிறுவன முதலாளி கார்வர் லின்டல் அவர்களுக்குத் தலைமை. விட்டேக்கர் முதலில் மகிழ்ந்துபோனார். "மிஸஸ் டன்ஸ்டல், பாருங்க, இடம் போதல!" என்றார் ஒரு கூட்டத்தில். ஆர்டீலியா பார்த்தாள். வந்தவர்களின் முகங்களில் சிலவற்றை அவளுக்கு ஜனநாயகக் கட்சியின் தெருமுனைக் கூட்டங்களில் பார்த்து ஏற்கெனவே தெரியும்.

அறுபத்துநாலாம் வருஷம் வசந்தத்தில் கவுண்டி மாநாடு நீதிமன்றக் கட்டடத்தில் கூடியது. வழக்கம்போல நல்ல தொப்பி அணிந்து, தன் வட்டத்துப் பிரதிநிதிகளுடன் அவள் படியேறினாள். கூட்ட அறை வாசலில் லின்டல் கையை நீட்டி மறித்தார்.

"ஆர்டீலியா, நீ எங்க வந்தே? உங்க வட்டத்துப் பிரதிநிதிங்க உள்ள உக்காந்திருக்காங்களே."

எட்டிப் பார்த்தாள். நாலாவது வட்டம் என்று எழுதியிருந்த வரிசையில், அந்த வட்டத்து ஓரத் தெருவில் வசித்த வெள்ளைக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"என் வட்டத்துக் கூட்டம் எப்ப நடந்துச்சு?"

"போன வாரம். கோல்ஃப் கிளப்புல. யாரு வேணும்னாலும் வரலாம்னு கதவைத் திறந்துதான் வெச்சிருந்தோம்."

"அந்தக் கிளப்புல எனக்குத் திறக்கற கதவு ஒண்ணுதான் மிஸ்டர் லின்டல். அது அடுக்களைக் கதவு."

உள்ளே யாரோ சிரித்தார்கள். மேடையில் விட்டேக்கர் உட்கார்ந்திருந்தார். ஆர்டீலியா அவரைப் பார்த்தாள். நாற்பது வருஷப் பழக்கம். அவர் எழுந்து ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்து நின்றாள். அவர் தன் காலணி முனையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவள் படியிறங்கினாள். கூட வந்தவர்கள் கோபத்தில் ஏதேதோ பேசினார்கள். அவள் காதில் எதுவும் விழவில்லை.

சில நாள் கழித்து விட்டேக்கர் கடைக்கு வந்தார். பெண்கள் கடை என்பதால் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். அவள் வெளியே போனாள்.

"நான் ஒருத்தன் எந்திரிச்சு என்னங்க ஆயிருக்கப் போவுது? அவங்க அறுபது பேரு," என்றார்.

"எண்ணிக்கைக்காக உங்களை எதிர்பாக்கலைங்க," என்றாள் அவள். "எனக்குப் பக்கத்துல ஒரு ஆள் நின்ன மாதிரி இருந்திருக்கும்."

அவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றுவிட்டுப் போனார். அந்த வருஷமே கட்சித் தலைமையையும் லின்டலிடம் விட்டுவிட்டார்.

கோடையில் சம உரிமைச் சட்டம் நிறைவேறியது. அதை எதிர்த்து ஓட்டுப் போட்டவரையே அவள் கட்சி ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்தியது. கடையில், சுருள்முடியை நீவி நேராக்கும் சூடான இரும்புச் சீப்புக்குத் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "இந்தத் தடவை யாருக்குப் போடறது, ஆர்டீலியாம்மா?" பல வாரம் அவள் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டாள். ஜெபித்தாள், சரியாகச் சாப்பிடவில்லை.

அக்டோபரில் ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டுத் தெருவில் இறங்கினாள். அத்தனை வருஷமும் எந்தெந்தக் கதவைத் தட்டினாளோ, அதே கதவுகளைத் தட்டி, இம்முறை நம் கட்சிக்குப் போடாதீர்கள் என்று சொன்னாள். தேவாலயத்து மூப்பர் எசேக்கியல் லூப்டன் அவளை உள்ளே கூப்பிடாமல் வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்.

"நாப்பது வருஷமா ஒண்ணு சொன்னே. இன்னைக்கு வேற சொல்றே. எது பொய்யி? அன்னைக்கா, இன்னைக்கா?"

"அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சதை அன்னைக்குச் சொன்னேன் மூப்பரே. இப்ப கட்சிக்காரங்க என்னை வாசல்ல நிறுத்துனாங்க. அதையும் சொல்லணும்ல?"

கிழவர் நகர்ந்து வழிவிட்டு, "உள்ள வந்து உக்காரு. காபி போடச் சொல்றேன்," என்றார்.

நவம்பரில் சாவடித் திரைக்குப் பின்னால் ஆர்டீலியா நின்ற நேரம், வெளியே வரிசையில் நின்றவர்களுக்கு நெடுநேரமாகத் தெரிந்தது. அப்பாவிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டாள். பிறகு ஜனநாயகக் கட்சிக் கட்டத்தில் குறி போட்டாள். வெளியே வந்தபோது அழுதுகொண்டிருந்தாள். ப்ரூயிட் எதிரில்தான் நின்றிருந்தார். முப்பது வருஷம் கேலி பேசிய மனிதர், அன்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவளோடு வீடுவரை நடந்துவந்தார்.

இரண்டு வருஷம் கழித்து அவரே அவளைத் தன் கட்சியின் கவுண்டிக் குழுக் கூட்டத்துக்கு அழைத்துப்போனார். சுவரோர நாற்காலிகள். கவுண்டிப் போலீஸ் அதிகாரியான ஷெரிஃபைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் ஆகஸ்டில் வரவிருந்தது. குழுத் தலைவர் சிரித்த முகமாக வரவேற்றார். "நாலாவது வட்டம் வந்தது ரொம்ப சந்தோஷம். ஷெரிஃப் தேர்தலுக்கு ஒரு கோழி விருந்து வெக்கணும். அதை நீ பாத்துக்கறியா ஆர்டீலியா?"

அவள் எழுந்தாள். "கோழி நல்லாவே பொரிப்பேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். எங்க சாவடி மேசையில உக்கார்ற அதிகாரிங்க எல்லாம் வெள்ளைக்காரங்க. எங்க ஆளு யாரும் இதுவரைக்கும் அந்த மேசையில உக்காந்ததில்ல. இந்தத் தடவை ரெண்டு பேரு உக்காரணும்."

"அதெல்லாம் பொறுமையாப் பாப்போம்..."

"பாருங்க. உங்க ஷெரிஃபுக்கு எங்க ஓட்டு இல்லாம ஆகாது. ரெண்டு பேரு உக்காரலைன்னா, அன்னைக்கு நாலாவது வட்டம் வீட்டைவிட்டு வெளிய வராது."

வெளியே வந்ததும் ப்ரூயிட் பதறினார். "வந்து ஒரு நாள் ஆகல, மிரட்டறியே! நான் எத்தனை வருஷமா இவங்ககிட்ட நயமாப் பேசி..."

"என்ன கெடச்சுது கொர்னீலியஸ்?"

அவர் கார்ச் சாவியைத் தேட ஆரம்பித்தார். மெல்லிய குரலில்தான் அவள் கேட்டாள். இருந்தும் கேட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. "காரை எடு. வெயில் ஏறுது," என்றாள்.

ஆகஸ்டில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். பள்ளி ஆசிரியை ஒருத்தி, மற்றவர் ப்ரூயிட். அவர் பெயரைச் சொன்னது ஆர்டீலியாதான். அன்று முழுவதும் அவர் மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை என்று ஊரில் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்த வருஷக் குளிர்காலத்தில் விட்டேக்கர் இறந்தார். ஆர்டீலியா போய்த் தேவாலயத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முன்வரிசையில் லின்டல் இருந்தார். எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது விட்டேக்கரின் மனைவி அவளைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸஸ் டன்ஸ்டல், அவர் ஒவ்வொரு தேர்தல் அன்னைக்கும் கேப்பாரு, நாலாவது வட்டம் என்னாச்சுன்னு. இந்த ஆகஸ்டுலயும் கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நாலாவது வட்டத்து ஓட்டு எதிர்ப்பக்கம் விழுந்து, நம்ம கட்சி ஆளு தோத்துட்டாருன்னு சொன்னேன். அப்படித்தான் ஆகணும்ங்கற மாதிரி தலையை ஆட்டினாரு."

ஆர்டீலியா அந்தக் கையைக் கொஞ்சநேரம் பிடித்தபடியே நின்றாள். மழை தூறத் தொடங்கியது. பேருந்து பிடித்து அவள் கடைக்கு வந்தபோது, மறுநாள் கல்யாணத்துக்குப் போக வேண்டிய இரண்டு பெண்கள் வாசலில் காத்திருந்தார்கள். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, அடுப்பைப் பற்றவைத்துச் சீப்பைச் சூட்டில் வைத்தாள்.