மனுவின் பின்பக்கம்

ஆக்லாந்துக்கு வந்த முதல் வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே வேலை, அயர்லாந்து நாட்டுப் பழைய மனு ஒன்றைத் தட்டச்சு செய்வது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஊரில் சிவில் இன்ஜினியராக இருந்த என் கணவர் விரி என்ற புறநகரில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். ஏவன்டேலில் ரயில் பாதையை ஒட்டி வாடகை வீடு. நான் பன்னிரண்டு வருடம் கலெக்டர் அலுவலகத்தில் மனுப் பிரிவில் இருந்தவள். அதை எந்த விண்ணப்பத்தில் எப்படி எழுதினாலும் இங்கே யாருக்கும் புரியவில்லை.

நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு அட்டையைப் பார்த்தேன். பழைய கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்ய, பொறுமையுள்ள ஒருவர் தேவை என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. கிராம நிர்வாக அலுவலர்களின் கையெழுத்தையே படித்தவளுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று போன் செய்தேன்.

அந்த அம்மாள் பாயிண்ட் செவாலியரில் தனியாக இருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை, எழுபதைத் தாண்டியவர். கண்ணில் நடுப்பார்வை போய்க்கொண்டிருந்தது, ஓரப்பார்வைதான் மிச்சம். அதனால் என்னோடு பேசும்போது ஜன்னலைப் பார்த்துப் பேசுவதுபோல் இருக்கும். பெயர் சொல்லியே கூப்பிடச் சொன்னார். என் அம்மாவைவிட மூத்தவரை எப்படிப் பெயர் சொல்வது? கடைசிவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளித்தேன்.

சமையலறை மேசையில் டப்ளின் ஆவணக் காப்பகத்திலிருந்து வந்த ஒரு நகலை விரித்து வைத்திருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அயர்லாந்தை ஆண்ட ஆங்கிலேய அரசப் பிரதிநிதிக்கு ஒரு பெண் எழுதிய மனு அது.

"என் கொள்ளுப்பாட்டிக்கு அம்மா எழுதியது. எங்கள் குடும்பத்தில் யாரும் இவளை நல்லபடியாகப் பேசியதில்லை" என்றார்.

கதையையும் அவரே சொன்னார். அந்தப் பெண்ணின் கணவன் ஆடு திருடிப் பிடிபட்டு, கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டான். சில வருடம் கழித்து அவளும் இரண்டு சின்னக் குழந்தைகளோடு அவனிடம் போய்விட்டாள். மூத்த மகளை மட்டும் அயர்லாந்திலேயே விட்டுவிட்டுப் போனாள். அந்த மகள்தான் பின்னால் வேலைக்காரியாக நியூசிலாந்து வந்து, கல்யாணம் செய்து, இந்தக் குடும்பத்துக்கே வேரானவள். சாகும்வரை தன் தாயின் பேரைக்கூட அவள் சொல்லவில்லையாம். ஆண் சுகத்துக்காகப் பெற்ற பெண்ணை உதறியவள் என்று, நான்கு தலைமுறையாக அந்த வீட்டில் பேச்சு.

மனுவை வாசித்தேன். முதல் வரியிலேயே எனக்குப் பழக்கப்பட்ட ஆள் எதிரே வந்து நின்றதுபோல் இருந்தது. மாட்சிமை பொருந்திய பிரபுவின் கருணையை நாடி ஏழை மனுதாரர் மிகத் தாழ்மையுடன் சமர்ப்பிப்பது என்று ஆரம்பம். அதன்பின் கணவன் போனது, வாடகை கொடுக்க முடியாமல் குடிசையை விட்டது, நெசவு வேலை நின்றது. முடிவில், 'குடும்பத்தோடு' கணவனிடம் போய்ச்சேர அரசாங்கக் கப்பலில் இடம் வேண்டும் என்ற கோரிக்கை. எழுத்து மணிமணியாக இருந்தது. அடியில் மட்டும் கோணலாக ஒரு பெருக்கல் குறி.

"எழுதினது அவள் இல்லை. மனு எழுதிக் கொடுப்பவர் யாரோ எழுதியிருக்கிறார். இவள் போட்டது இந்தக் குறி மட்டும்தான்" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்கள் அலுவலக வாசலிலும் நாலு பேர் உட்கார்ந்து எழுதிக்கொடுப்பார்கள். முதல் பாராவைப் பார்த்தே எது யார் எழுதியது என்று சொல்லிவிடுவோம்."

அவர் சிரித்தார். நான் காகிதத்தைத் திருப்பினேன். பின்னால் வெறும் வெள்ளை.

"பின்பக்கம் எங்கே?" என்று கேட்டேன்.

"எதன் பின்பக்கம்?"

"மனுவை மடித்து, வெளிப்பக்கத்தில்தானே எழுதுவார்கள்? யார் கொடுத்தது, என்றைக்கு வந்தது, என்ன முடிவு எடுத்தார்கள் என்று. முன்பக்கம் அவள் கேட்டது. பதில் பின்பக்கத்தில் இருக்கும். இதோ பாருங்கள், மடிப்புக் கோடு தெரிகிறது."

அவர் முகத்தைக் காகிதத்துக்கு வெகு அருகில் கொண்டுபோய், தலையைச் சாய்த்து, கோட்டைத் தேடிப் பார்த்தார். "பத்து வருடமாக இதை வைத்திருக்கிறேன்" என்றார்.

டப்ளினுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். குடும்ப வரலாறு, தன் கண் நிலைமை, அங்கத்திய வானிலை பற்றிய விசாரணை என்று ஒரு முழுப்பக்கம் வந்துவிட்டது. தயக்கத்தோடு சொன்னேன். "இதைப் படிக்கிறவர் முதல் மூன்று வரியைத்தான் படிப்பார். எண், எந்த மனு, என்ன வேண்டும். அவ்வளவு போதும்."

"மரியாதையாக இருக்காதே."

"நன்றி என்று கடைசியில் ஒரு வார்த்தை போடலாம்."

சுருக்கமாகத்தான் அனுப்பினோம். இரண்டு மாதம் போனது. அதற்குள் வாரம் இரண்டு நாள் போய், அவருடைய மற்றக் குடும்பக் காகிதங்களையும் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், கையில் பிரிக்காத உறை.

பின்பக்கத்தில் வேறு இரண்டு கையெழுத்துகள். ஒன்று குமாஸ்தாவுடையது: பெயர், ஊர், பெறப்பட்ட நாள். இன்னொன்று அவசரமாகக் கிறுக்கியது. அதைப் பிரித்துப் படிக்க எனக்கு அரைமணி ஆனது. மனைவிக்கும் இளைய குழந்தைகள் இருவருக்கும் அனுமதி. மூத்த பெண் பதினைந்து வயதானவள், விதிப்படி அவளுக்கு இடமில்லை.

வாசித்துச் சொன்னேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார், படித்தேன்.

"அப்படியானால் இவள் கேட்டிருக்கிறாள்" என்றார்.

"மூன்று பிள்ளைகளுக்கும் கேட்டிருக்கிறாள். இன்னும் ஒன்று இருக்கிறது. கீழே ஒரு எண் போட்டு 'இதையும் பார்க்க' என்று எழுதியிருக்கிறார்கள். இதைத் தொடர்ந்து வேறொரு காகிதம் வந்திருக்கிறது. அந்த எண்ணில் தேடச் சொல்லவேண்டும்."

மறுபடி கடிதம். இந்தத் தடவை மூன்று வரியை அவரே சொன்னார்.

இரண்டாவது மனு வந்தபோது அவர் படுக்கையில் இருந்தார், காய்ச்சல். கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு வாசித்தேன். அதே எழுத்துக்காரரின் கை. ஆனால் அலங்கார வார்த்தைகளைக் காணோம், அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதை அப்படியே எழுதிவிட்டார் போலிருந்தது. பெண் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதவள், அதிக இடம் பிடிக்க மாட்டாள். தன்னுடைய படுக்கையிலேயே படுக்க வைத்துக்கொள்வதாகவும், தனக்குக் கொடுக்கும் சாப்பாட்டிலேயே பங்கு கொடுப்பதாகவும், கப்பலில் துணி துவைத்துத் தைத்துக் கொடுப்பதாகவும் சொல்லியிருந்தாள். பெண்ணை ஒப்படைக்க உறவு என்று யாரும் இல்லை என்றும் இருந்தது. அடியில் அதே கோணல் குறி. பின்பக்கத்தில் இரண்டே வார்த்தை, அனுமதிக்க இயலாது.

அந்த அம்மாள் அழுதார். சத்தமில்லாமல், போர்வையை வாயில் வைத்துக்கொண்டு. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் தேநீர் போட எழுந்து போனேன்.

அடுப்படியில் நிற்கும்போது எனக்கும் ஒரு பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. மனுப் பிரிவில் பதில் வரைவை நான்தான் தயார் செய்வேன், அதிகாரி கையெழுத்து மட்டும் போடுவார். இறந்துபோன தங்கையின் மகளைத் தன் குடும்ப அட்டையில் சேர்க்கக் கேட்டு ஒரு பெண் இரண்டு தடவை மனு கொடுத்தாள். 'உரிய ஆவணங்கள் இணைக்கப்படாததால் நிராகரிக்கப்படுகிறது' என்று இரண்டு தடவையும் எழுதியவள் நான். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல என்னம்மா போட்டிருக்கு, சேர்த்துட்டாங்களா?" என்று என்னிடமே கேட்டாள். ஆவணம் கொண்டு வரச் சொன்னேன். என்ன ஆவணம், எங்கே வாங்குவது என்று சொல்ல எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. சொல்லவில்லை. சாப்பாட்டு நேரம். அதன்பின் அவள் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் இதைச் சொன்னேன். "நீ விதிப்படிதானே செஞ்ச" என்றார்.

"அந்த டப்ளின்காரனும் விதிப்படிதாங்க எழுதியிருக்கான்."

அவர் என் தோளில் கை வைத்துவிட்டு இரவு வேலைக்குக் கிளம்பினார்.

அந்தக் கோடையில் அந்த அம்மாளின் குடும்பம் முழுவதும் ஒரு தேவாலயக் கூடத்தில் கூடியது. தன்னால் படிக்க முடியாது, நான்தான் வாசிக்கவேண்டும் என்று அந்த அம்மாள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். பட்டுச் சேலையா, சாதாரணச் சேலையா என்று யோசித்து, கடைசியில் பருத்திச் சேலை கட்டிக்கொண்டு போனேன். ஐம்பது பேர் இருப்பார்கள். ஒருவர் என்னை அந்த அம்மாளின் நர்ஸ் என்று நினைத்து, மாத்திரை நேரம் கேட்டார்.

முதலில் முன்பக்கம், பிறகு பின்பக்கம் என்று இரண்டு மனுவையும் வாசித்தேன். என் உச்சரிப்பு அவர்களுக்குப் புரியுமோ என்ற பயத்தில் மிக மெதுவாகவே வாசித்தேன். படுக்கையில் இடம் கொடுப்பதாகச் சொன்ன வரியை, யாரும் கேட்காமலே இரண்டு முறை வாசித்தேன்.

முடிந்ததும் தெற்கே டுனீடினிலிருந்து வந்திருந்த அந்த அம்மாளின் தம்பி எழுந்தார். "இருந்தாலும் அவள் போய்விட்டாள் இல்லையா? விட்டுவிட்டுத்தானே போனாள்?"

"போனாள்" என்றார் அந்த அம்மாள், தம்பி நின்ற திசைக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்து. "கையில் இரண்டு சின்னக் குழந்தைகள், வேலை இல்லை, வீடு இல்லை. கப்பல் கிளம்பப் போகிறது. நீ என்ன செய்திருப்பாய்?"

தம்பி உட்கார்ந்துவிட்டார்.

மூத்த மகளுக்காகத் தாய் இரண்டாவது தடவை மனு கொடுத்தது அவளுக்குத் தெரிந்திருக்குமா என்று ஒரு பெண் கேட்டாள். அதற்குக் காகிதம் எதுவும் கிடைக்கவில்லை என்றேன். அதைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சாப்பாட்டுக்கு எல்லாரும் எழுந்தபோது, கைத்தடி ஊன்றிய ஒரு மூதாட்டி என்னிடம் வந்து நகலைக் காட்டச் சொன்னார். அந்தக் குறி எங்கே என்று கேட்டார். காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தனக்கு ஒரு பிரதி கிடைக்குமா என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒரு உறையின் மேல் அவர்களுடைய முகவரிகளை எழுதிக்கொண்டேன்.

மாலையில் தம்பிதான் எங்கள் இருவரையும் காரில் கொண்டுவந்து விட்டார். அந்த அம்மாள் முன்சீட்டில் தூங்கிப்போனார். அக்காவின் தலை ஜன்னல் கண்ணாடியில் இடிக்காமலிருக்க, சிக்னலில் நின்றபோது தன் கோட்டைக் கழற்றி மடித்து அவர் கன்னத்தடியில் வைத்தார். பிறகு டிரைவர் கண்ணாடி வழியாகப் பின்சீட்டிலிருந்த என்னைப் பார்த்து, நான் எந்தத் திருப்பத்தில் இறங்கவேண்டும் என்று கேட்டார்.