பல்சக்கரத்துக்குப் பூசிய திருநீறு

எங்கள் வீட்டில் மூன்று பேர். வாசலில் நின்ற காரிலோ இரண்டு பேர்தான் உட்காரலாம். சீமைக்குத் திரும்பிய ஓர் எஸ்டேட் துரையிடம், கல்யாணத்துக்கு முன்பே என் கணவர் வாங்கிய பச்சை நிற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் அது. "மூணு பேரு ஏற முடியாததெல்லாம் ஒரு காடியா?" என்று என் மாமியார் ஓயாமல் கேட்பார். மழை பெய்தால் கூரை ஒழுகும். ஆனாலும் கூரையை மடக்கிவிட்டு அவர் கடற்கரையோரம் ஓட்ட, தலைமுடி பறக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாயங்காலங்களை நினைத்தால் எனக்கு இன்றும் கர்வமாகத்தான் இருக்கிறது.

அது எண்பதுகளின் தொடக்கம். அவர் தீவில் எங்கள் வீடிருந்த டத்தோ கிராமாட்டிலிருந்து கிளம்பி, ஃபெரி ஏறி, அக்கரையில் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவார். அங்கே ஒரு நாள் இயந்திரத்தில் கை மாட்டி, வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

காயம் ஆறியது, மனுஷன் ஆறவில்லை. எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். தட்டையும் ஒரு கரண்டியையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவார். சோற்றை ஆசையாகப் பிசைந்து, "இன்னும் கொஞ்சம் ரசம்" என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டவர்! கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டால் தலைவலி என்பார். கதவுக்குப் பின்னால் கரண்டி தட்டில் உரசும் சத்தம் கேட்டால் எனக்கு அழுகை முட்டும். அந்தக் கரண்டியைக் கொண்டுபோய்க் கடலில் எறிந்துவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன்.

காரின் இரண்டாவது கியர் ரொம்ப நாளாகவே தகராறு. போட்டால் நிற்காமல் துள்ளி வெளியே வந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் எதுவும் சொல்லாமல், பக்கத்து வீட்டு அண்ணனைத் துணைக்கு அழைத்து கியர்பாக்ஸை இறக்கிவிட்டார். கூடம் முழுக்கப் பேப்பர் விரித்து, பல்சக்கரங்களைப் பரப்பி, மண்ணெண்ணெயில் கழுவினார். "இது வீடா, வொர்க்‌ஷாப்பா?" என்று கத்தினேன். உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

தேய்ந்த சாமான்களுக்குப் பதில் புதியவை வந்த பிறகுதான் சோதனையே. தையல் ஊசியை நறுக்கியதுபோல் மெல்லிய எஃகுக் குச்சிகள். பெரிய பல்சக்கரத்தின் நடுத் துளைக்குள் கிரீஸைப் பூசி, அதில் அவற்றை வரிசையாக ஒட்டவைக்க வேண்டும். ஒன்று சரிந்தால் எல்லாம் சரியும். அவர் கையில் சரிந்துகொண்டே இருந்தன.

"நான் வைக்கட்டுமாங்க?"

"வேணாம். நானே வைக்கிறேன்."

சரஸ்வதி பூசைக்கு முதல் நாள் குச்சிகள் எல்லாம் ஒட்டி நின்றன. குழந்தை மாதிரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

பூசையன்று வீட்டிலுள்ள ஆயுதங்களையெல்லாம் சாமி படத்தின் முன் வைப்பது எங்கள் வழக்கம். ஸ்பேனர்களோடு அந்தப் பல்சக்கரத்தையும் பயபக்தியோடு வைத்தார். நாங்கள் குளித்துவிட்டு வருவதற்குள் மாமியார் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, பல்சக்கரத்துக்கு உள்ளே வெளியே என்று பார்க்காமல் திருநீற்றை அள்ளிப் பூசியிருந்தார். கிரீஸ் முழுக்க வெள்ளைத் தூள்.

"அத்தை! உள்ள தூளு போனா சக்கரம் தேஞ்சுடும். அவ்வளவையும் பிரிச்சுக் கழுவணும்!"

"அலாமாக்! இதுக்கு மட்டும் போடாம விட்டா சாமி கோவிச்சுக்குமேன்னு போட்டேன்யா," என்று மகனைப் பார்த்தவருக்குக் குரல் உடைந்துவிட்டது.

நான் என் கணவர் முகத்தைத்தான் பார்த்தேன். இப்போது எழுந்து அறைக்குள் போய்விட்டால் இந்த மனுஷன் இனி வெளியே வரமாட்டார் என்று பயந்தேன். அவரோ பல்சக்கரத்துக்குள் குனிந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"விடுங்கம்மா. ஒருவாட்டி வச்ச கைதானே, மறுவாட்டி வைக்காதா லா? இப்பவே பிரிச்சுடுறேன்."

"தொடாதே! பூசையில வச்சத நாளைக்குத்தான் எடுக்கணும்," என்றார் மாமியார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"சரி, அப்ப சோத்தைப் போடுங்க."

எங்களோடு தரையில் உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் நான் இலைக்குப் பக்கத்தில் கரண்டியை வைத்தேன். அதை ஒதுக்கிவிட்டு, மிச்சமிருந்த விரல்களால் சோற்றைப் பிசைந்தார். பாதி இலையிலேயே சிந்தியது. மாமியாரும் நானும் இலையை விட்டுத் தலை நிமிரவில்லை.

"இன்னும் கொஞ்சம் ரசம்," என்றார்.

அந்தக் கியர்பாக்ஸ் அப்புறம் பல வருஷம் உழைத்தது. ஆயர் ஈத்தாம் ஏற்றத்தில் இரண்டாவது கியர் கொஞ்சம் முனகினால், "அம்மா போட்ட திருநீறு" என்பார். இன்று காரும் இல்லை, அத்தையும் இல்லை. எனக்கு அந்தப் பூசைக்கு மறுநாள் காலைதான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. சமையலறையில் அவருடைய கரண்டியைக் காணவில்லை. தேடிக்கொண்டே கூடத்துக்கு வந்தேன். கழுவிய பல்சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு, குச்சிகளை மறுபடி முதலிலிருந்து ஒட்டிக்கொண்டிருந்தார். கரண்டி கிரீஸ் டின்னுக்குள் நின்றது.